பிரியானா ஸ்கரி: கோல்கீப்பர்

1999 ஜூலை 10. கலிபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 90,185 பேர். மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம் கூடுதல் நேரத்திலும் கோல் விழாமல் பெனால்டிக்கு வந்துவிட்டது. சீனாவின் மூன்றாவது உதை லியூ யிங்குடையது. அமெரிக்க அணியின் ஸ்கரி கோல் கோட்டிலிருந்து ஓரிரு எட்டு முன்னே வந்து, இடப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டார். அப்படி முன்னே வருவது விதிப்படி தவறுதான். நடுவர் விசில் ஊதவில்லை. அமெரிக்கா 5-4 என வென்றது. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பதோ, கடைசி உதையை அடித்துச் சட்டையைக் கழற்றிய பிராண்டி சாஸ்டைனைத்தான். கோல்கீப்பர்களுக்கு வாய்ப்பது இவ்வளவே.

ஸ்கரி மினசோட்டாவில் வளர்ந்தவர். 1993இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக அணி தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதிக்குப் போனபோது கோலைக் காத்தவர். 1996, 2004 ஒலிம்பிக்கில் தங்கம். தொழில்முறை லீக்கில் அட்லாண்டா பீட், பின்னர் வாஷிங்டன் ஃப்ரீடம்.

2010இல் ஓர் ஆட்டத்தில் தாழ்வாக வந்த பந்தை எடுக்கக் குனிந்தார். ஓடிவந்த எதிரணி வீராங்கனையின் முழங்கால் வலது நெற்றிப்பொட்டில் இடித்தது. அதுவே அவருடைய கடைசி ஆட்டம். தீராத தலைவலி, மறதி, மனச்சோர்வு. கையில் காசில்லாமல் இரண்டு தங்கப் பதக்கங்களும் அடகுக்குப் போயின. 2013இல் பின்தலை நரம்புக்கு அறுவை சிகிச்சை நடந்த பிறகே வலி தணிந்தது. பதக்கங்களும் மீட்கப்பட்டன.

2017இல் அமெரிக்கக் கால்பந்துப் புகழரங்கத்துக்குத் தேர்வானார். அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் இவர்.