ஒரு வினைச்சொல்லின் எல்லை

‘அமெண்ட்’ என்றால் என்ன? விடை காண உச்ச நீதிமன்றத்துக்கு 68 நாள் விசாரணை தேவைப்பட்டது.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே இருக்கிறது அமரவிளை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. கிடைக்கவில்லை. அமரவிளை கேரளத்திலேயே நின்றுவிட்டது.

எல்லைவாசிகளுக்கு இதைவிடப் பெரிய மாற்றம் உண்டா? ஆனால் அரசியல் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி, மாநில எல்லையை மாற்றும் சட்டம் 368ஆவது பிரிவு கூறும் ‘திருத்தம்’ ஆகாது. சாதாரணப் பெரும்பான்மை போதும். அதே ஆண்டின் ஏழாவது திருத்தமோ அசல் திருத்தம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி பெற மாநிலங்கள் வசதி செய்ய வேண்டும் என்ற பிரிவு அதில்தான் வந்தது.

‘அமெண்ட்’டின் லத்தீன் வேருக்குப் பிழை நீக்குதல் என்று பொருள். மூலப் பிரதியின் பிழையைக் களையும் ‘எமெண்ட்’டும் அதே வேரில் பிறந்ததே. ‘ரிவைஸ்’ என்பது மறுபடி பார்ப்பது. தமிழில் பெரும்பாலும் ஒரே சொல்தான். வாத்தியார் விடைத்தாளைத் திருத்துகிறார். விவசாயி தரிசைத் திருத்துகிறார். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்துகிறது.

சிக்கலும் அங்கேதான். தரிசைத் திருத்தினால் பழைய காடு மிஞ்சாது. அரசியல் சட்டத்தையும் அப்படித் திருத்தலாமா? 1971இல் 24ஆவது திருத்தம், ‘சேர்த்தல், மாற்றுதல், நீக்குதல்’ என்று 368ஆவது பிரிவிலேயே விரித்து எழுதியது. ஐந்தாம், ஆறாம் அட்டவணைகளில் ஏற்கெனவே இருந்த சொற்கள்தான்.

கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்து 1970இல் வழக்குத் தொடுத்திருந்தார் காசர்கோடு எடநீர் மடாதிபதி கேசவானந்த பாரதி. அவருக்காக நானி பால்கிவாலாவும், கேரள அரசுக்காக எச்.எம். சீர்வையும் வாதாடினார்கள். 13 நீதிபதிகள். 1973 ஏப்ரல் 24இல் தீர்ப்பு: 7க்கு 6. திருத்தம் என்றால் பழைய சாசனம் அடையாளம் இழக்காமல் எஞ்சியிருக்க வேண்டும் என்றார் நீதிபதி எச்.ஆர். கன்னா. எதையும் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க முடியாது.

அதற்குப் பின்னும் திருத்தங்கள் நிற்கவில்லை. 2023இல் எண்ணிக்கை 106ஐத் தொட்டது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் இப்போது ஓர் எல்லைக்கோடு உண்டு. அமரவிளைக்குத் தெற்கே ஓடும் கோட்டை நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் நகர்த்திவிடலாம். இந்தக் கோட்டை அரசியல் சட்டத் திருத்தத்தாலும் தாண்ட முடியாது.