ஒட்டி நிற்கும் சொல்

கிரிக்கெட் ஆடினோம். பந்து பறந்து போய்ப் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டது. உடைந்த ஜன்னலை ஆங்கிலத்தில் 'புரோக்கன் விண்டோ' என்போம். பந்தால் உடைந்தது என்றும் சேர்த்துச் சொன்னால் 'விண்டோ புரோக்கன் பை எ பால்'. முன்னால் இருந்த 'புரோக்கன்' பின்னால் போய்விட்டது!

தமிழில் இப்படி இடம் மாறாது. உடைந்த ஜன்னல், பந்து பட்டு உடைந்த ஜன்னல், நேற்று நாங்கள் அடித்த பந்து பட்டு உடைந்த ஜன்னல். எவ்வளவு நீட்டினாலும் ஜன்னல் கடைசியில்தான். 'உடைந்த' என்பது பெயரெச்சம் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். ஜப்பானிய மொழியிலும் கொரிய மொழியிலும்கூட பெயர் கடைசியில்தான் வரும்.

ஆங்கிலம் மட்டும் ஏன் இடம் மாற்றுகிறது? ஒரு தாளில் இரண்டையும் எழுதிப் பாருங்கள். 'பந்து பட்டு உடைந்த' என்பதில் 'உடைந்த' கடைசிச் சொல். அதனால் அடுத்து வரும் ஜன்னலை அது நேராகத் தொடுகிறது. ஆங்கிலத்தில் 'புரோக்கன்' முதல் சொல். 'பை எ பால்' அதற்குப் பின்னால் வரும் வால். அந்த வாலோடு அதை ஜன்னலுக்கு முன்னால் வைத்தால், 'புரோக்கன்' ஒருபுறம், ஜன்னல் ஒருபுறம், நடுவே பந்து! மொத்தத்தையும் பின்னால் வைத்தால் 'விண்டோ', 'புரோக்கன்' இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு மொழிக்கும் ஆசை ஒன்றுதான்: எச்சம் பெயரை ஒட்டி நிற்க வேண்டும். எனக்கு இது கண்ணாடியில் முகம் பார்ப்பது போலத் தோன்றும்.

கையால் செய்த பொம்மை 'டாய் மேட் பை ஹேண்ட்'. அதையே 'ஹேண்ட்மேட் டாய்' என்றும் சொல்லலாம். 'ஹேண்ட்' முன்னால் வந்துவிட்டதால் 'மேட்' பொம்மையைத் தொடுகிறது. நம் தமிழ் வரிசையேதான்!

சில சொற்கள் இடம் மாறினால் பொருளும் மாறும். 'கன்சர்ன்ட்' அப்படிப்பட்டது. 'கன்சர்ன்ட் பேரன்ட்' என்றால் கவலைப்படும் பெற்றோர். 'பேரன்ட் கன்சர்ன்ட்' என்றால் சம்பந்தப்பட்ட பெற்றோர். 'சம்பந்தப்பட்ட அதிகாரி' என்ற வரிசையிலேயே நம் நாட்டில் 'கன்சர்ன்ட் ஆபீசர்' என்று எழுதுகிறார்கள். இங்கே எல்லாருக்கும் அது புரியும். ஆனால் இங்கிலாந்தில் படிப்பவர், அதிகாரி ஏதோ கவலையில் இருக்கிறார் என்று நினைக்கக்கூடும். அங்கே கடிதம் எழுத நேர்ந்தால் 'ஆபீசர் கன்சர்ன்ட்' என்றே எழுதுங்கள்.