கெடு குறித்த கடிதம்

பயனீட்டாளரும் சட்டமும் – பகுதி 9

இணையவழியில் பணம் செலுத்தி வாங்கிய பொருள் சொன்ன நாளில் வந்து சேராமல், விற்பனையாளரும் பதில் தராமல் இருக்கும் நிலையில், பினாங்கிலுள்ள ஒரு பயனீட்டாளர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, தாம் செய்த ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருக்கிறதா, முறிந்துவிட்டதா என்பதாகும். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை விற்பனையாளர் பொருளைத் தரக் கடமைப்பட்டவர். அது முறிந்த பிறகே பணத்தைத் திருப்பித் தரும் கடமை எழுகிறது. மாதக்கணக்கில் வாட்ஸ்அப்பில் "எப்போது வரும்" என்று கேட்டுக்கொண்டே இருப்பவர், தம்மை அறியாமலேயே ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டு வருகிறார் என்பதைச் சட்டத்தின் பார்வையில் காணும்போதுதான் பல முறையீடுகள் ஏன் தேங்கிப்போகின்றன என்பது விளங்கும்.

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு தாமதத்தை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. காலம் ஒப்பந்தத்தின் சாரமாக அமைந்திருந்தால், அதாவது குறித்த நாளுக்குள் கிடைக்காவிட்டால் பொருளே பயனற்றுப் போகும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்தே பேசப்பட்டிருந்தால், அந்த நாள் தவறியதும் வாங்கியவர் விரும்பினால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முன் வேண்டும் என்று எழுதிக் கேட்டு, விற்பனையாளரும் ஒப்புக்கொண்ட பட்டுப்புடவை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. காலம் சாரமாக இல்லாத ஒப்பந்தத்தில், நாள் தவறியது ஒன்றைக் கொண்டே முறிக்க இயலாது. தாமதத்தால் நேர்ந்த இழப்புக்கு ஈடு கேட்கலாம், அவ்வளவே. இதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு பலர் கவனிக்காத ஒன்று: காலம் சாரமாக இருந்து, நாள் தவறியதால் முறிக்கும் உரிமை பெற்ற ஒருவர், பிந்தி வந்த பொருளை வாங்கிக்கொண்டால், வாங்கும் அந்த வேளையிலேயே இழப்பீடு கோரப்போவதாக அறிவித்தாலன்றி, பிறகு தாமதத்துக்காக எதையும் கேட்க முடியாது. பண்டிகை கழிந்து வந்து சேரும் பொட்டலத்தைக் கையொப்பமிட்டு வாங்கிவிட்டு, ஒரு வாரம் கழித்துச் சண்டைக்குப் போகிறவர் தம் உரிமையைத் தாமே கைவிட்டவராகிறார். இப்பிரிவு 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவைப் பின்பற்றி எழுதப்பட்டது. ஆகவே தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பொருள் வாங்கும் உறவினருக்கும் இந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

சாதாரண இணையக் கொள்முதலில் "7 முதல் 14 நாள்" என்பது போன்ற ஒரு மதிப்பீடு மட்டுமே தரப்படுகிறது. அது காலத்தைச் சாரமாக்கும் உறுதிமொழி என்று வாதிடுவது கடினம். அப்படியானால் வாங்கியவருக்கு வழி என்ன என்ற கேள்விக்கு விடை தேடும்போது, பினாங்கின் சட்ட வரலாறு உதவிக்கு வருகிறது. 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் தொடக்கத்தில் தீபகற்பத்தின் மலாய் மாநிலங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பினாங்குக்கும் மலாக்காவுக்கும் அது 1990 பிப்ரவரி 23 அன்றுதான் நீட்டிக்கப்பட்டது. அதற்கு முன்பு, 1956ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவின் வழியாக, ஜார்ஜ்டவுன் கடைத்தெருவின் வணிக வழக்குகளை இங்கிலாந்தின் வணிகச் சட்டமே நேரடியாக ஆண்டது. இங்கிலாந்தில் உருவான முன்தீர்ப்புகளின் செல்வாக்கு இன்றும் குறையவில்லை.

அம்முன்தீர்ப்புகளில், தாமதத்தைப் பற்றிக் கவலைப்படும் எவரும் அறிந்திருக்க வேண்டியது, 1950இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ரிக்கர்ட்ஸ் எதிர் ஓப்பன்ஹைம் வழக்கு. ஓப்பன்ஹைம் ஒரு ரோல்ஸ்ராய்ஸ் அடிச்சட்டத்தின் மீது உடற்பகுதி கட்டித் தருமாறு பணித்தார். ஆறு அல்லது அதிகபட்சம் ஏழு மாதத்தில் முடித்துத் தருவதாகப் பேசப்பட்ட அந்தக் கெடு 1948 மார்ச் 20இல் கழிந்தது. அவர் உடனே முறித்துக்கொள்ளவில்லை. தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார், அதனால் முதல் கெடுவைக் காட்டி மறுக்கும் உரிமையை இழந்தார். ஆனால் ஜூன் 29 அன்று, ஜூலை 25க்குள் கார் வராவிட்டால் அதன்பின் ஏற்கமாட்டேன் என்று எழுதி அனுப்பினார். வேலை அக்டோபரில்தான் முடிந்தது. அவர் வாங்க மறுத்தார். விட்டுக்கொடுத்த ஒருவர், நியாயமான கால அளவு தந்து அறிவிப்புக் கொடுப்பதன் மூலம் காலத்தை மீண்டும் ஒப்பந்தத்தின் சாரமாக்கலாம் என்று நீதிபதி டென்னிங் உள்ளிட்ட ஆயம் முடிவுசெய்து, அந்த மறுப்பு சரியே என்றது. பொறுமையாக இருந்தது குற்றமாகாது, ஆனால் பொறுமைக்கு ஒரு தேதியை எழுத்தில் வைத்தாக வேண்டும் என்ற இந்த நெறியே இன்று ஒரு கைபேசிக்காகவோ ஒரு கட்டிலுக்காகவோ காத்திருப்பவர் கையிலுள்ள மிக வலுவான கருவி.

அந்த அறிவிப்பை எழுத வழக்கறிஞர் தேவையில்லை. கொள்முதல் எண், பணம் செலுத்திய நாளும் தொகையும், விற்பனையாளர் முதலில் சொன்ன காலம், இதுவரை அனுப்பிய செய்திகளின் நாட்கள், இனி தரப்படும் இறுதி நாள், அந்நாள் தவறினால் ஒப்பந்தம் முறிந்ததாகக் கொண்டு முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கும் முடிவு ஆகியவை ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இறுதி நாள் நியாயமானதாக இருக்க வேண்டும். உள்ளூரில் கையிருப்பிலுள்ள பொருளுக்கு ஏழு நாள் போதும், அளவெடுத்துத் தைக்க வேண்டிய ஆடைக்கு அது போதாது. 2006ஆம் ஆண்டு மின்வணிகச் சட்டம் மின்னணுச் செய்தியை எழுத்துக்கு இணையாக ஏற்பதால் மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் செல்லும். எனினும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் திரும்பி வரும் பதிவுத் தபாலில் ஒரு படியையும் அனுப்பிவைப்பது நல்லது, ஏனெனில் பதில் தராத விற்பனையாளர் பின்னர் சொல்லும் முதல் சாக்கு, எதுவும் வந்து சேரவில்லை என்பதாகவே இருக்கும்.

தபால் அனுப்ப முகவரி வேண்டும். 2013 ஜூலை 1 அன்று நடப்புக்கு வந்த மின்வணிகப் பரிவர்த்தனை ஒழுங்குமுறைகள், விற்பனையாளரின் பெயர், நிறுவனப் பதிவெண், தொடர்பு விவரம், போக்குவரத்துச் செலவும் வரியும் உள்ளடங்கிய முழு விலை, பொருள் வந்து சேர மதிப்பிடப்படும் காலம் ஆகியவற்றை வெளிப்படையாகத் தருவதைக் கட்டாயமாக்கின. இணையச் சந்தை நடத்துவோர் தம்மிடம் விற்பவர்களின் விவரங்களைப் பதிவுசெய்து வைக்க வேண்டும் என்றும் விதித்தன. 2024 டிசம்பரில் புதிய ஒழுங்குமுறைகள் இவற்றின் இடத்தைப் பிடித்தன. பதிவெண் கிடைத்துவிட்டால் நிறுவன ஆணையத்தில் சிறு கட்டணம் செலுத்திப் பதிவு முகவரியைப் பெறலாம். இவ்வளவும் இணைய வாணிபம் தொடங்கிய நாளிலிருந்தே இருந்தவை என்று எண்ணிவிடக்கூடாது: 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மின்னணு வழியில் நடக்கும் வாணிபத்தைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருந்தது, அந்த விலக்கு 2007இல்தான் நீக்கப்பட்டது. புதிய வணிகமுறை வேரூன்றிக்கொண்டிருந்த அந்த எட்டு ஆண்டுகளில் வாங்குவோரைக் காவலின்றி விட்டது பெரும் பிழை.

எழுதிக் கேட்பது என்ற பழக்கம் பினாங்கில் புதிதன்று. 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், தமிழ்நாட்டில் பிறந்து இத்தீவை வாழிடமாகக் கொண்ட எஸ்.எம். முகமது இத்ரீஸ் தலைமையில், அவர் 2019 மே மாதம் மறையும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இயங்கிவந்தது. தனி ஒருவரின் சிறு முறையீட்டையும் பதிவுசெய்து, அவர் சார்பில் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பதைத் தன் அன்றாடப் பணியாக்கிக்கொண்டது. 'பயனீட்டாளர் குரல்' என்ற அதன் தமிழ் வெளியீடு, ஆங்கிலமும் மலாயும் கைவராத வாசகருக்கும் தம் உரிமை இன்னதென்று சொல்லி வந்திருக்கிறது. அதன் தொடக்ககாலச் செயல்வீரர் அன்வார் ஃபசல் 1978இல் உலகப் பயனீட்டாளர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவரானார். மார்ச் 15ஐ உலகப் பயனீட்டாளர் உரிமை நாளாகக் கொண்டாடும் வழக்கத்தை முன்மொழிந்தவரும் அவரே. இணையத்தில் வாங்கியவர் தனித்தவர் என்ற உணர்வே பதில் தராத விற்பனையாளரின் பலம். அந்தத் தனிமையை உடைக்கும் அமைப்பு இவ்வூரிலேயே இருக்கிறது.

கடிதத்தின் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே கவனிக்க வேண்டிய வேறு கெடுக்களும் உண்டு. பெரிய இணையச் சந்தைகள் வாங்கியவரின் பணத்தைப் பொருள் சேரும்வரை தம்மிடம் நிறுத்திவைக்கின்றன. "பெற்றுக்கொண்டேன்" என்ற பொத்தானை அழுத்தினாலோ, அவர்கள் குறித்த நாட்கள் முறையீடின்றிக் கழிந்தாலோ, அது விற்பனையாளரிடம் போய்விடும். கடன் அட்டையில் செலுத்தியவர், அட்டை வழங்கிய வங்கியிடம் தொகையைத் திரும்பப் பெறும் முறையீட்டைச் செய்யலாம்; இதற்கும் கால வரம்பு உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து நேரே மாற்றியவருக்கு இவ்வழி கிடையாது என்பதால் அவருக்கு எழுத்துச் சான்று இன்னும் முக்கியமாகிறது. பொருளே இல்லாமல் பணம் பறிக்கப்பட்டதாகத் தெரிந்தால் இது தாமத வழக்கே ஆகாது. உடனே 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைத்துவிட்டுக் காவல்துறையில் புகார் செய்ய வேண்டும். தருவதற்கான நியாயமான ஆதாரம் இல்லாமலே பணம் வாங்குவது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவின்படி தனிக் குற்றம்.

கெடுவும் கழிந்து, பதிலும் வராத நிலையில் செல்ல வேண்டிய இடம், அச்சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம், அதாவது திரிபூனல் துந்துத்தான் பெங்குனா. தொடக்கத்தில் 10,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மட்டும் விசாரித்த இதன் வரம்பு 25,000 ஆகி, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 ரிங்கிட் ஆயிற்று. மனுக்கட்டணமோ 5 ரிங்கிட். சொந்தப் பயனுக்கும் வீட்டுப் பயனுக்கும் வாங்கியவரே இங்கு பயனீட்டாளர். கடையில் வைத்து விற்க வாங்கியவர் அல்லர். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை என்பதால், பெரிய நிறுவனமும் தனி ஒருவரும் ஒரே மேசையில் தாமே பேச நேர்கிறது. சாமானியருக்கு இச்சட்டம் தந்த பெரும் கொடை இதுவே. முதல் பாரத்தில் கோரிக்கையை எழுதிப் பதிவுசெய்து, அதன் படியை விற்பனையாளருக்குச் சேர்ப்பித்தால், அவர் 14 நாளுக்குள் மறுப்பைப் பதிவுசெய்ய வேண்டும். அவர் விசாரணைக்கும் வராவிட்டால், படி சேர்ந்ததற்கான சான்று இருக்கும்வரை, அவர் இல்லாமலேயே தீர்ப்பு வழங்கலாம். வெளிநாட்டு விற்பனையாளர் மீது இவ்வழி பெரும்பாலும் பயன்படாமல் போவதற்குக் காரணமும் இதுவே: மலேசியாவில் சேர்ப்பிக்க ஒரு முகவரி இருந்தாக வேண்டும்.

தீர்ப்பு இறுதியானது, நீதிமன்ற ஆணைக்கு இணையாக நிறைவேற்றத்தக்கது. 14 நாளுக்குள் பணம் தராதவர் குற்றம் செய்தவராகிறார். 10,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத அபராதமோ, இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் பணம் வரவில்லை என்பதைத் தீர்ப்பாயம் தானாக அறிவதில்லை. பதினைந்தாம் நாள் வங்கிக் கணக்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு, தீர்ப்பின் படியுடன் அதே அலுவலகத்துக்கு மீண்டும் சென்று முறையிட வேண்டியவர் வாங்கியவரே.