படிக்காமல் விட்ட நாலு வரி

1988-ல் மத்திய அரசு தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம், 1991-ல் 'அறிவொளி' என்ற பெயரில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், கையில் ஒரு குழந்தை. பத்தாவது படித்தவள் என்பதால், தொண்டராக வரச் சொல்லி வீடு தேடி வந்து கேட்டார்கள். சம்பளம் கிடையாது. பத்துப் பேருக்கு ஒரு தொண்டர்.

"வீட்டு வேலைக்கே நேரமில்ல, இதுல ஊர் வேலை வேறயா?" என்றார் என் கணவர்.

"போய்ட்டு வரட்டும்ப்பா, பிள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பி வைத்தது என் மாமியார்தான். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

மூன்று நாள் பயிற்சி, ஒரு பள்ளிக்கூடத்தில். முதல் நாள் முழுக்கப் பாட்டும் நாடகமும்தான். வட்டமாக நின்று கை தட்டிப் பாட வெட்கம் பிடுங்கித் தின்றது. இதெல்லாம் எதுக்கு என்றுதான் இருந்தது.

இரண்டாம் நாள், பாடம் நடத்தும் முறை. அ, ஆ என்று ஆரம்பிக்கக் கூடாதாம். கருத்தாளர் பலகையில் 'பட்டா', 'படி' என்று எழுதினார். நிலமும் நெல்லுமாக வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த வார்த்தைகள். அதை முழுசாகக் காட்டிவிட்டுப் பிறகு எழுத்தெழுத்தாகப் பிரிக்க வேண்டும். பெரியவர்களுக்கு வார்த்தையும் தெரியும், அர்த்தமும் தெரியும், எழுத்துதானே தெரியாது!

மத்தியானம் அவர் பலகையில் நாலைந்து கிறுக்கல் போட்டார். "இது க, இது ம, இது ல. இப்ப 'கமலம்'னு எழுதுங்க, இடது கையால" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. கோடு நத்தை ஊர்ந்த மாதிரி போனது. பின்னால் வந்து நின்று, "இதுகூட வரலியா?" என்று எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்கம்மா, வேணும்னுதான் கேட்டேன். நாப்பது வயசுல பலகையைத் தொடறவங்களுக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார். அப்புறம் அதே கிறுக்கலில் ஒரு காகிதம் எழுதி, "உங்களுக்கு லெட்டர்" என்று காட்டினார். தானே படித்துச் சிரித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இதுல என்ன இருக்குன்னு நான் சொல்றதைத்தானே நீங்க நம்பணும்?"

எனக்குச் சுரீர் என்றது. காரணம் இருக்கிறது.

திருச்சியில் இருக்கும் என் நாத்தனார் மாதம் ஒரு இன்லண்ட் லெட்டர் போடுவாள். அத்தைக்குப் படித்துக் காட்டுவது நான். ஒரு தடவை, "அண்ணி அடிக்கடி பிறந்த வீட்டுக்குப் போயிடறாங்களாமே, நீ ஒண்டியா கஷ்டப்படாதே, பத்து நாள் இங்க வந்து இரும்மா" என்று எழுதியிருந்தாள். எனக்கு ஆத்திரம். அந்த நாலு வரியை விட்டுவிட்டுப் படித்தேன். அத்தை போகவே இல்லை.

பயிற்சி முடிந்து வந்த அன்றே சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை. பதிலாக, எங்கள் திண்ணையில் சேர்ந்த பத்துக் கற்போரில் முதல் ஆளாக அத்தையை உட்கார வைத்தேன். அந்தச் சமயம் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். நான் இரண்டு தடவை விழுந்ததோடு சரி. அத்தையோ மூன்று புத்தகத்தையும் முடித்தார்.

1992-ல் ஒருநாள் சாயங்காலம் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். நான் அடுப்படியில் குழம்பைக் கிளறியபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி வந்த குரல், "பத்து... நாள்..." என்ற இடத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு சத்தமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அடுப்படி வாசலில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார்.

"திருச்சிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கும்மா?"

- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்