பணம் கேட்காத இயற்பியல் ஆய்விதழ்கள்

இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக இணையத்தில் கட்டுரை தேடும் மாணவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. தலைப்பும் சுருக்கமும் திரையில் தெரியும். முழுக் கட்டுரையைத் திறக்கப் போனால் 30, 40 அமெரிக்க டாலர் கேட்கும். நம் பல்கலைக்கழக நூலகம் அந்த ஆய்விதழுக்குச் சந்தா கட்டியிருந்தால் தப்பித்தோம். பட்டம் பெற்று வெளியேறிய முன்னாள் மாணவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

இதற்கு மாற்றாக வந்ததே ‘திறந்த அணுக்கம்’. ஆய்வுக் கட்டுரைகளை யாரும், எங்கிருந்தும், கட்டணமின்றிப் படிக்கலாம் என்பதே இதன் பொருள். 2002ஆம் ஆண்டு வெளியான புடாபெஸ்ட் அறிக்கை இக்கருத்தை உலகறியச் செய்தது.

செலவு யார் தலையில்?

கட்டுரைகளை மதிப்பிடும் சக ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஊதியம் பெறுவதில்லை. ஆனாலும் பதிப்புப் பணி, பக்க அமைப்பு, இணையப் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். படிப்பவர் தராவிட்டால் யார் தருவது? பல ஆய்விதழ்கள் அந்தச் சுமையை எழுதுபவர் மீது ஏற்றின. ‘நேச்சர்’ இதழ், கட்டுரையைத் திறந்த முறையில் வெளியிட விரும்பும் ஆசிரியருக்கு 2021இல் நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ! வசதி படைத்த ஆய்வுக்கூடத்துக்கு இது ஒரு செலவு. மானியம் குறைந்த நாட்டின் இளம் ஆய்வாளருக்கோ இது தாண்ட முடியாத சுவர். எல்லாரும் படிக்கலாம், பணமுள்ளவர் மட்டுமே எழுதலாம் என்றானால், கதவு பாதிதான் திறந்திருக்கிறது என்று பொருள்.

இயற்பியலாளர் காட்டிய வழி

இணையம் பரவுவதற்கு முன்பே இயற்பியலாளர்கள் தங்கள் கட்டுரைகளின் முன்வரைவுகளை அஞ்சல்வழி பகிர்ந்துகொண்டனர். அந்தப் பழக்கத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் பால் கின்ஸ்பார்க். 1991இல் அமெரிக்காவின் லாஸ் அலாமோஸ் ஆய்வுக்கூடத்தில் அவர் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ களஞ்சியத்தில் கட்டுரை இடவும் கட்டணமில்லை, படிக்கவும் கட்டணமில்லை. ஆனால், அங்கு ஆய்விதழ்களில் உள்ளதுபோன்ற முறையான மதிப்பீடு கிடையாது. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பிடப்பட்ட கட்டுரைகளே கணக்கில் வருகின்றன. ஆகவே, கட்டணமில்லாத ஆய்விதழும் தேவைப்பட்டது.

ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற ஓர் ஏற்பாடு இங்கே கைகொடுத்தது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் தலைமையில் 2014 ஜனவரியில் ‘ஸ்கோப்-3’ செயல்படத் தொடங்கியது. துகள் இயற்பியல் இதழ்களுக்கு நூலகங்கள் ஏற்கெனவே செலுத்திவந்த சந்தாப் பணம் ஒரு பொது நிதிக்குத் திருப்பிவிடப்பட்டது. அந்நிதியிலிருந்து பதிப்பகங்களுக்குப் பணம் செல்கிறது. இத்துறையில் ஒரு நாட்டின் ஆய்வாளர்கள் எவ்வளவு கட்டுரை எழுதுகிறார்களோ, அதற்கேற்பவே அந்நாட்டின் பங்கு கணக்கிடப்படுகிறது. 40க்கும் மேற்பட்ட நாடுகளும் 3,000க்கும் மேற்பட்ட நூலகங்களும் இதில் கைகோத்துள்ளன. ‘ஜர்னல் ஆஃப் ஹை எனர்ஜி பிசிக்ஸ்’ போன்ற இதழ்கள் தொடக்கத்திலேயே இணைந்தன. ‘பிசிக்கல் ரிவியூ டி’ இதழின் துகள் இயற்பியல் கட்டுரைகள் 2018இல் சேர்ந்தன. நிதிக்குப் பங்களிக்காத நாட்டைச் சேர்ந்த ஆய்வாளரும் ஒரு சென் கூடக் கட்டாமல் இவற்றில் எழுதலாம் என்பதே இதன் சிறப்பு.

வேறு வழிகளும் உண்டு. துகள் முடுக்கிகள் பற்றி 1998 முதல் வெளிவரும் ஒரு ‘பிசிக்கல் ரிவியூ’ இதழை, அத்துறை ஆய்வுக்கூடங்களே நிதி தந்து தாங்குகின்றன. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர் ழான் செபஸ்தியான் கோ 2016இல் தொடங்கிய ‘சைபோஸ்ட்’, மதிப்பீட்டாளர்களின் கருத்துகளையும் எல்லாரும் படிக்கும்படி வெளியிடுகிறது. இருவரிடமும் கட்டணம் பெறாத இம்முறையை ‘வைர வழி’ என்பார்கள்.

குறையும் உண்டு

வடம் பிடிப்பவர் சிலர், தேரில் ஏறி வருபவர் பலர் என்ற நிலை வந்தால் தேர் நின்றுவிடும். தங்கள் ஆய்வாளர்கள் சைபோஸ்ட்டில் கட்டுரை வெளியிட்டும், நிதி தராத நிறுவனங்கள் பல உள்ளன. ஸ்கோப்-3இன் இதழ்த் திட்டமோ துகள் இயற்பியலோடு நின்றுவிடுகிறது. பொருளறிவியல் படிக்கும் நண்பருக்கு அதனால் பெரிய பயனில்லை.

நாம் செய்யக்கூடியது என்ன?

கட்டுரை கிடைக்கவில்லை என்றால் முதலில் அதன் முன்வரைவை ஆர்க்கைவில் தேடுங்கள். எழுதும் காலம் வரும்போது, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கிய ‘டி.ஓ.ஏ.ஜே.’ என்னும் இதழ் அடைவில், ஆசிரியர் கட்டணம் இல்லாத இதழ்களை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். பணம் வாங்கும் இதழெல்லாம் போலி அல்ல. ஆனால், ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சலில் ஆசைகாட்டிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

விரிவுரையாளர்களாகவும் நூலகர்களாகவும் பணியாற்றும் நம் முன்னாள் மாணவர்கள் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். ஆண்டுதோறும் சந்தாவுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பங்கையாவது இத்தகைய பொது முயற்சிகளுக்குத் தரும்படி தங்கள் நிறுவனத்தில் பேசலாம். கட்டணமில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளப் பலர் முன்வரும்போதுதான், பணமில்லாத மாணவரின் ஆய்வும் அதன் தகுதியை மட்டும் வைத்து எடைபோடப்படும்.