ஆறு மணி நேரம் கையை நீட்டுவதற்கு முன்

முதல் தடவை இருபதே நிமிடத்தில் என் டாட்டூ சிட்டிங் முடிந்துபோனது. ஊசியின் மேல் தப்பில்லை. வலியில் வாந்தி வந்துவிட்டால் மானம் போய்விடுமே என்று காலையில் ஒரு காபியோடு கிளம்பிப் போயிருந்தேன். முழங்கைக்கு மேலே அவுட்லைன் ஆரம்பித்த சற்று நேரத்தில் காது அடைத்தது. கண்முன் பூச்சி பறந்தது. படுக்க வைத்து, காலைத் தூக்கி வைத்து, வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார்கள். "அடுத்த தடவை சாப்பிட்டுட்டு வாங்கக்கா" என்றான் ஆர்ட்டிஸ்ட் பையன். அவனுக்கு இது பழகிய காட்சி போலிருக்கிறது.

அடுத்த மாதம் அதே நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தேன். இடையில் எனக்குப் புதிதாக வீரம் எதுவும் வந்துவிடவில்லை. நான்கு இட்லி, இரண்டு அவித்த முட்டை, முந்தின இரவு எட்டு மணி நேரத் தூக்கம். அவ்வளவுதான் வித்தியாசம்.

டாட்டூ மெஷினின் ஊசி நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல்கூட இறங்கி ஏறும். ஆழம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் உடம்புக்கு அது காயம். கை அகலத்துக்கு ஒரு சிராய்ப்பு. முதல் ஒரு மணி நேரம் பரபரப்பிலேயே ஓடிவிடும். மூன்றாவது மணியில் அந்தப் பரபரப்பு வடிந்து, துடைத்த இடத்தையே திரும்பத் துடைக்கும்போது டிஷ்யூ பேப்பர்கூட உப்புத்தாளாகத் தோன்றும். ஏசி குளிர் எலும்பில் ஏறும். அந்த நேரத்தில் கைகொடுப்பது காலையில் உள்ளே போனதுதான். பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டுப் போகாதீர்கள். அசையாமல் கிடக்கும்போது வயிறு வேறு வம்பு செய்யும். பையில் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும், பக்கத்தில் இளநீரும் இருக்கட்டும்.

தைரியத்துக்கு இரண்டு பெக் என்று வருகிறவர்கள் உண்டு. நல்ல ஆர்ட்டிஸ்ட் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். மது இரத்தக் கசிவைக் கூட்டும். கசியக் கசிய மை ஒழுங்காக உட்காராது. ஒரு நாள் முன்பிருந்தே வேண்டாம். ஆஸ்பிரினும் அப்படித்தான். ஆனால் இதயத்துக்காக அதை எடுத்துக்கொள்கிறவர்கள் டாட்டூவுக்காக மாத்திரையை நிறுத்தினால் அது பைத்தியக்காரத்தனம். டாக்டர் சரி என்றால் போங்கள். இல்லையென்றால் படம் இல்லாமலே அந்தக் கை அழகுதான்.

மரத்துப்போகும் க்ரீம் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். பெரும்பாலும் அதில் இருப்பது லிடோகெய்ன். 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெய்ன் கலந்து கடையில் நேரடியாக விற்கப்பட்ட சில க்ரீம்களைக் குறித்து அமெரிக்க உணவு, மருந்துத் துறையான எஃப்.டி.ஏ. 2024 மார்ச்சில் எச்சரித்தது. பெரிய பரப்பில் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைத்தால் மருந்து இரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், வலிப்பு வரலாம். முழுக் கை, முழு முதுகு என்று போகிறவர்கள்தான் அதிகம் பூசுகிறார்கள். அவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம்.

அந்தக் காலத்தில் மரத்துப்போகச் செய்தது பாட்டு. பச்சை குத்த வரும் குறத்தி பாடிக்கொண்டே குத்துவாளாம். மெட்ராஸ் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இந்த வேலையைப் பக்குவத்தோடு எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிக்க வேண்டும். மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரிதான் மை. அதைத் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்து, நூலால் கட்டிய மூன்று நான்கு தையல் ஊசிகளால் குத்தினார்கள். குத்திய இடத்தில் எண்ணெயும் மஞ்சளும். கரி மை தோலுக்கு அடியில் போனதும் பச்சையாகத் தெரியும்; பெயரும் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பாட்டி முன்கையில் இருந்த கோலம் அந்தப் பச்சைதான். என்னுடையது ஆறு மணி நேரம் என்றபோது அவள் என்னை ஏமாந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அவளுக்கு வீட்டுத் திண்ணை, ஒரு படி நெல். எனக்கு அட்வான்ஸ், அப்பாயின்ட்மென்ட்.

ஒரே ஊசி, ஊருக்கெல்லாம் குத்திய காலம் அது. அதில் மட்டும் பாட்டியைப் பின்பற்றக் கூடாது. ஊசி கார்ட்ரிட்ஜைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் மஞ்சள் காமாலைக் கிருமியை நினைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் நீங்களே ஷேவ் செய்யாதீர்கள்; சின்னக் கீறலும் தொந்தரவு. தளர்வான, கறுப்பு, பழைய சட்டை. முதுகில் போடுவதென்றால் பட்டன் வைத்த சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொள்ளலாம். போர்த்திக்கொள்ள ஒரு துண்டு. ஸ்டென்சில் ஒட்டியதும் உட்கார்ந்தபடி பார்க்காமல் எழுந்து நின்று, கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். தமிழ் எழுத்து என்றால் உரக்கப் படியுங்கள். ணகரமா னகரமா, புள்ளி இருக்கிறதா, ஒற்று விழுந்ததா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். ஸ்டென்சிலின் ஊதா மசி துடைத்தால் போய்விடும். அதன் பிறகு போட்டது போகாது. தோலில் உள்ள செல்கள் மையை விழுங்கி வைத்திருக்கின்றன; அவை சாகும்போது வெளிவரும் மையை அடுத்த செல்கள் பிடித்துக்கொள்கின்றன என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2018-ல் எலிகளில் காட்டினார்கள். எழுத்துப் பிழைக்கும் இதே கதிதான்.

மத்திய ஆயுதப்படை வேலைக்கு மனுப்போட நினைக்கிறவர்கள் ஆள்சேர்ப்பு விதியை முதலில் படியுங்கள். டாட்டூ எந்த இடத்தில், எவ்வளவு பெரியது என்பதற்கெல்லாம் அங்கே கணக்கு உண்டு. இரத்ததானம் செய்கிறவர்களும் கொஞ்ச காலம் காத்திருக்க வேண்டும்; கொடுக்க நினைத்திருந்தால் முன்னாடியே கொடுத்துவிடுங்கள்.

இடைவேளை கேட்பதில் வெட்கம் எதற்கு? ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன். நான்காவது மணியில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஆர்ட்டிஸ்டிடம் அவன் ஊர்க்கதையைக் கேட்டேன். தேனிப் பக்கம். கதை சொல்லும்போது அவன் கை இன்னும் மென்மையாக ஓடியது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் குளிர் ஜுரம் போல உடம்பு நடுங்கும். ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். முதல் இரவு காயத்திலிருந்து நீரும் மையும் கசியும் என்பதால் பழைய விரிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். என் கல்யாணச் சீரில் வந்த வெள்ளை விரிப்பில் இப்போது தாமரை இதழ் ஒன்று தலைகீழாகப் பதிந்திருக்கிறது.