பொலிஸ் அட்டையும் மூவரின் இசையும்: மொங்க், பவல் இசைத்தட்டுகளின் கதை

ஜாஸ் பியானோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஹோட்டல் வரவேற்பறைகளில் மெல்லிய ஒலியில் ஓடிக்கொண்டிருக்கும் பின்னணி இசை. யாரும் கூர்ந்து கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்காத இசை. ஆனால், அந்த இசைக்கு அடித்தளமிட்ட இசைத்தட்டுகளில் சில, சொந்த நகரத்தில் தொழில் செய்வதற்குப் பொலிஸ் அனுமதி மறுக்கப்பட்ட ஒருவராலும், பொலிஸாரின் அடியையும் மனநோய் மருத்துவமனையையும் கண்டு திரும்பிய இன்னொருவராலும் வாசிக்கப்பட்டவை. ஒருவர் தெலோனியஸ் மொங்க். மற்றவர் பட் பவல். இருவரும் கறுப்பினத்தவர்கள், நண்பர்கள், நியூயோர்க்கில் வளர்ந்தவர்கள்.

அட்டை

1940களின் தொடக்கத்திலிருந்து 1967 வரை நியூயோர்க்கில் ஒரு நடைமுறை இருந்தது. மதுபானம் விற்கும் இரவு விடுதிகளில் வேலை செய்யும் எவரும் பொலிஸாரிடம் விரல் ரேகை கொடுத்து 'கபரே கார்ட்' என்ற அட்டையைப் பெறவேண்டும். பாடகர், வாத்தியக்காரர் மட்டுமல்ல, சமையற்காரருக்கும் பரிமாறுபவருக்கும் அதே விதிதான். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அட்டையைப் புதுப்பிக்கவேண்டும். பொலிஸ் பதிவில் பெயர் இருந்தால் அட்டை மறுக்கப்படலாம், கையில் இருப்பது பறிக்கப்படலாம்.

இந்த விதி இசைத்தட்டுப் பதிவுக்கூடங்களுக்குப் பொருந்தாது. மது விற்காத கச்சேரி மண்டபங்களுக்கும் பொருந்தாது. அதனால்தான் போதைப்பொருள் வழக்கில் சிறை சென்று அட்டையை இழந்த பாடகி பில்லி ஹொலிடே, 1948 மார்ச்சில் விடுதலையான சில நாட்களிலேயே புகழ்பெற்ற கார்னகி மண்டபத்தில் பாட முடிந்தது. தெருமுனையில் உள்ள சின்ன விடுதியில் அவர் பாட முடியவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது பெரிய தடையாகத் தெரியாது. ஆனால், ஜாஸ் கலைஞர் ஒருவரின் அன்றாடச் சோறு விடுதியில்தான் இருந்தது. பெரிய மண்டபம் ஆண்டுக்கு ஓரிரு முறை கிடைக்கலாம். விடுதியில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வேலை கிடைக்கும். ஒரு குழு சேர்ந்து வாசித்துப் பழகுவதும் அங்கேதான். வயிற்றுப்பாடு ஓர் அட்டையில் தொங்கும் நிலை எப்படிப்பட்டது என்பதை எமது வாசகர்களுக்கு விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

மூவர் என்ன செய்கிறார்கள்?

பியானோ, பேஸ், ட்ரம்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு 'ட்ரியோ'. பேஸ் என்பது ஆளுயரத் தந்தி வாத்தியம். ஜாஸில் அதைப் பெரும்பாலும் விரலால் மீட்டுவார்கள். அதற்கு முந்திய தலைமுறையில், பியானோக்காரரின் இடது கைதான் தாளத்தையும் கீழ்ச்சுரங்களையும் சுமந்துகொண்டிருந்தது. பேஸ்காரர் அந்தச் சுமையைத் தோளில் ஏற்றதும் இடது கை விடுதலையானது.

அந்த விடுதலையை முழுமையாகப் பயன்படுத்தியவர் பவல். அவருடைய இடது கை இரண்டு மூன்று சுரங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வலது கை சக்ஸபோன் ஊதுபவர் மூச்சுப் பிடித்து வாசிப்பதைப்போல நீண்ட வரிகளாக ஓடும். பின்னால் வந்த ஜாஸ் பியானோக்காரர்களில் பெரும்பாலானோர் இந்த முறையைக் கற்றே வளர்ந்தார்கள்.

கேட்பவருக்கு வழி தெரிய ஒரு குறிப்பு. முதலில் மெட்டு ஒருமுறை வரும். பெரும்பாலும் அது 32 அளவுகளோ 12 அளவுகளோ கொண்ட ஒரு சுற்று. பிறகு அதே சுற்று திரும்பத் திரும்ப ஓட, அதன் மீது கலைஞர் தன் மனோதர்மத்தை வாசிப்பார். இறுதியில் மெட்டு மீண்டும் வரும். எமது இசையில் மனோதர்மத்துக்கு ராகம் எல்லை போடும்; இங்கே சுரக்கூட்டுகளின் வரிசை எல்லை போடுகிறது. ட்ரம்ஸ் வாசிப்பவர் கணக்குப் பிடிப்பதோடு நிற்பதில்லை. நல்ல தவில்காரரைப் போல, வாசிப்பவரின் வரிக்குப் பதில் சொல்வார், சில இடங்களில் சீண்டுவார், சில இடங்களில் வழிவிடுவார்.

மொங்கின் பாணி வேறு. பவல் ஓடும் இடத்தில் மொங்க் நிற்பார். அடுத்த சுரம் வரும் என்று காது எதிர்பார்க்கும் இடத்தில் வெறும் மௌனம் இருக்கும். பியானோவில் கமகம் பிடிக்க முடியாது; ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே சுருதிதான். மொங்க் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை ஒன்றாக அழுத்துவார். இரண்டுக்கும் இடையில் இருக்கும், பியானோவில் இல்லாத ஒரு சுரத்தை அவர் தேடுவதுபோலக் கேட்கும். அக்காலத்தில் பலர் இதை வாசிக்கத் தெரியாதவரின் தடுமாற்றம் என்றே நினைத்தார்கள்.

1947: அகதிகள் நடத்திய நிறுவனம்

மொங்கைத் தலைவராக வைத்து முதன்முதலில் இசைத்தட்டு வெளியிட்ட நிறுவனம் புளூ நோட். அதை நடத்திய அல்பிரட் லயனும் பிரான்சிஸ் வுல்பும் பேர்லினில் வளர்ந்த நண்பர்கள், நாசி ஜேர்மனியிலிருந்து தப்பி வந்தவர்கள். 1947 ஒக்டோபரில் மொங்குக்கு 30 வயதானது. அந்த மாதமே ஜீன் ரமி பேஸிலும் ஆர்ட் பிளேக்கி ட்ரம்ஸிலும் இருக்க, அவருடைய மூவர் குழு பதிவானது. 'ரூபி, மை டியர்', 'வெல், யூ நீடன்ட்' போன்ற உருப்படிகள் அன்றைய அமர்வில் பதிவானவை.

அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்வரைதான் அடங்கும். மெட்டு, மனோதர்மம், முடிவு எல்லாமே அதற்குள். இதனால் இந்தப் பதிவுகளில் வீண் சுரம் என்று ஒன்றில்லை. இன்று கொண்டாடப்படும் இவை அப்போது பெரிதாக விற்கவில்லை.

பவலின் கதை இன்னும் கசப்பானது. 1945இல், 20 வயதில், பிலடெல்பியாவில் பொலிஸார் அவரைத் தலையில் தாக்கினார்கள். 1947 ஜனவரியில் தன் முதல் மூவர் குழுப் பதிவைச் செய்தார். அதே ஆண்டின் இறுதியில் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, அங்கே மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு உள்ளாக்கப்பட்டார். வெளியே வந்து 1951 மே முதலாம் திகதி புளூ நோட்டுக்காக அவர் பதிவுசெய்த 'உன் போக்கோ லோக்கோ' உருப்படியைக் கேட்டால், அந்தக் கைகளுக்குள் இருந்த வேகம் புரியும். ட்ரம்ஸில் மக்ஸ் ரோச், மாட்டு மணி போன்ற ஒன்றைத் தட்டிக்கொண்டே தாளத்துக்குக் குறுக்காக இன்னொரு தாளத்தை ஓடவிடுகிறார். அன்று மூன்று முறை வாசித்தார்கள். மூன்றும் பின்னர் வெளியாயின. அடுத்தடுத்துக் கேட்டால், மூன்றாவது முறையில் குழு எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் காதால் பின்தொடரலாம்.

1951: சொல்ல மறுத்த பெயர்

அதே ஆண்டு ஓகஸ்டில் மொங்கும் பவலும் இருந்த காரைப் பொலிஸார் சோதனையிட்டார்கள். ஹெரோயின் பொதி ஒன்று அகப்பட்டது. அது மொங்கினுடையது அல்ல. யாருடையது என்று சொல்லியிருந்தால் அவர் தப்பியிருக்கலாம். நண்பனுக்கு எதிராக வாய் திறக்க அவர் மறுத்தார். 60 நாட்கள் சிறையில் இருந்தார். அட்டை பறிபோனது. பவல் மீண்டும் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு 1953 வரை அங்கேயே இருந்தார்.

அடுத்த ஆறு ஆண்டுகள் நியூயோர்க் விடுதிகளின் வாசல் மொங்குக்கு மூடியே இருந்தது. மனைவி நெல்லியின் உழைப்பில் குடும்பம் ஓடியது. இந்தக் காலத்தில்தான் பிரெஸ்டிஜ் நிறுவனத்துக்காக 1952இலும் 1954இலும் அவர் தன் புகழ்பெற்ற மூவர் குழுப் பதிவுகளைச் செய்தார். 'லிட்டில் ரூட்டி டூட்டி' தன் சிறு மகனுக்காக எழுதியது. அதில் பியானோ ரயில் வண்டியைப் போலக் கூவும். 'பெம்ஷா ஸ்விங்', 'ட்ரிங்கிள் டிங்கிள்' ஆகியனவும் இந்த வரிசையில் வருபவை. 1954 செப்டெம்பரில் பதிவான 'புளூ மொங்க்', ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளர் தன் பெற்றோரின் வீட்டு வரவேற்பறையில் அமைத்திருந்த கூடத்தில் வாசிக்கப்பட்டது. நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு அதற்குள் வந்துவிட்டதால், அது ஏழு நிமிடங்களுக்கும் மேல் நீள்கிறது. மொங்க் அவசரப்படாமல் ஒரு சின்ன மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

இந்த மூன்று அமர்வுகளிலும் வாசித்தவர்களின் பெயர்களைப் பாருங்கள். முதலில் கரி மப்பும் பிளேக்கியும், அடுத்து மப்பும் ரோச்சும், கடைசியில் பேர்சி ஹீத்தும் பிளேக்கியும். மூவரும் சேர்ந்து விடுதியில் இரவிரவாக வாசித்துப் பழகிய நிலையான குழு இதில் எங்கும் இல்லை. பதிவுக்கூடத்தில் சில மணி நேரம் சந்தித்தவர்கள் செய்த இசை இது. 1955இல் ரிவர்சைட் நிறுவனம் மொங்கை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப் பிரெஸ்டிஜுக்குக் கொடுத்த தொகை வெறும் 108 டொலர் சொச்சம். அவருடைய சந்தை மதிப்பு அன்று அவ்வளவுதான்.

பதிவானதும் பதிவாகாததும்

1957இல், பாடசாலை ஆசிரியராக இருந்து அவருடைய முகாமையாளரான ஹரி கொலம்பி உள்ளிட்டோரின் முயற்சியால் மொங்குக்கு அட்டை திரும்பக் கிடைத்தது. உடனே 'பைவ் ஸ்பொட்' விடுதியில் மாதக்கணக்கில் வாசித்தார். சக்ஸபோனில் இளம் ஜோன் கொல்ட்ரேன். அந்த இரவுகளில் மொங்கிடம் கற்றதைக் கொல்ட்ரேன் பின்னர் நன்றியுடன் வெளிப்படையாகவே சொன்னார். ஓர் அட்டை கிடைத்ததும் நடந்தது இது. அப்படியானால் முந்திய ஆறு ஆண்டுகளில் நடக்காமல் போனது எவ்வளவு என்ற கேள்வி எழாமல் இராது. அது எந்த இசைத்தட்டிலும் இல்லை. அடுத்த ஆண்டே டெலவெயர் மாநிலத்தில் பொலிஸார் அவரைக் காரிலிருந்து இழுத்துக் கைகளில் அடித்தார்கள். அட்டை மறுபடியும் போனது.

இசைத்தட்டு நடந்த அநியாயத்தை ஈடுசெய்துவிட்டது என்று யாராவது சொன்னால் ஏற்கமுடியாது. அது செய்தது வேறொன்று. விடுதிகளிலிருந்து விலக்கிவைக்கப்பட்டவர் அந்த ஆண்டுகளில் என்ன வாசித்துக்கொண்டிருந்தார் என்பதற்குச் சாட்சியாக நின்றது. பொலிஸ் பதிவேட்டில் மொங்க் ஒரு போதைப்பொருள் வழக்கின் பெயர் மட்டுமே. 'புளூ மொங்க்' இன்னொரு பதிவேடு.

புதிதாகக் கேட்பவர்கள் 1954இன் 'புளூ மொங்க்' உருப்படியில் தொடங்கலாம். மெட்டு எளிது, ஒருமுறை கேட்டாலே மனதில் நிற்கும். பிறகு 1947இன் 'ரூபி, மை டியர்'. அதன் பின் பவலின் 'உன் போக்கோ லோக்கோ' மூன்று வடிவங்களும். கடைசியாக, மருத்துவமனையிலிருந்து வந்த ஆண்டில், 1953 ஓகஸ்டில், பவல் பதிவுசெய்த 'கிளாஸ் என்க்ளோஷர்'. கண்ணாடிக் கூண்டு என்று பொருள். இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான அந்த உருப்படியில் மனோதர்மத்துக்கு அநேகமாக இடமே இல்லை. எழுதப்பட்டபடி, ஒரு மனநிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, சட்டென்று முடிந்துவிடும்.

கபரே கார்ட் முறை 1967இல் ஒழிக்கப்பட்டது. மொங்க் அதைப் பார்த்தார்; 1982 வரை வாழ்ந்தார். பவல் அதற்கு முந்திய ஆண்டு, 1966 ஜூலை 31ஆம் திகதி, 41 வயதில் நியூயோர்க்கில் இறந்தார்.